வெட்டுத்தளப் பாடத்துக்கு 3டி ஸ்லைசர்

ரேடியோகிராபி டிப்ளமோ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். புத்தகத்தில் வரும் படம் தெரிந்ததுதான்: உள்ளங்கைகளை முன்பக்கம் காட்டி நிற்கும் ஓர் ஆள், உடம்பை வெட்டுவது போல மூன்று தகடுகள். மேல் கீழாகப் பிரிப்பது ஆக்சியல், இடம் வலமாகப் பிரிப்பது சஜிட்டல், முன் பின்னாகப் பிரிப்பது கொரோனல். மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் சிடி மேசையில் ஒருவரை மல்லாக்கப் படுக்க வைத்ததும் குழப்பம் வந்துவிடும். நிற்கும்போது தரைக்கு இணையாக இருந்த ஆக்சியல் தளம் இப்போது செங்குத்து. கொரோனல்தான் தரைக்கு இணை. ஆள் எப்படிப் படுத்தாலும் தளங்கள் அவர் உடம்போடு சேர்ந்தே திரும்பும் என்பதை வெறும் படத்தால் புரியவைப்பது கடினம்.

அதற்கு எனக்குக் கைகொடுத்தது 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள். மாதிரித் தரவாகவே ஒரு தலை எம்ஆர்ஐ அதில் கிடைக்கிறது. திறந்தால் சிவப்புப் பட்டையில் ஆக்சியல், மஞ்சளில் சஜிட்டல், பச்சையில் கொரோனல். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால் ஒரு படத்தில் தொட்ட இடத்துக்கே மற்ற இரண்டும் தாவும். இதுதான் இதன் உயிர். மஞ்சள் படத்தை நட்டநடுவில் வைத்தால் மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புப் பட்டை வில்லாக வளைந்து தெரியும். பக்கவாட்டில் தள்ளினால் அது மறைந்து கண் வரும். பச்சையில் மூக்கிலிருந்து பின்னோக்கிப் போனால் கண்கள், மூளையின் முன்பகுதி, கடைசியில் சிறுமூளை. வகுப்பில் கேள்விகள் தானாக வர ஆரம்பித்தன.

இடது வலதுக்கும் நல்ல பயிற்சி. ஆக்சியல் படத்தை நோயாளியின் கால்பக்கம் நின்று பார்ப்பதாகக் கொள்வது வழக்கம்; அவருடைய வலது நம் இடப்பக்கம் தெரியும். படத்தின் மூலையில் சின்ன மனித உருவம் ஒன்றை வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

குறை என்றால், முகப்புத் திரை. ஆராய்ச்சியாளர்களுக்கென்று செய்தது என்பதால் பட்டன்கள் குவிந்து கிடக்கின்றன. புதியவர் தனியாகத் திறந்தால் மிரண்டுவிடுவார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். பழைய லேப்டாப்பில் திணறவும் செய்கிறது. போனில் படிக்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது. அப்புறம், இது கற்பதற்கும் ஆராய்ச்சிக்கும்தான். இதில் வீட்டாரின் ஸ்கேனைப் போட்டுப் பார்த்து நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டாதீர்கள். அதை ரேடியாலஜி மருத்துவரிடம் விடுங்கள்.