டெங்கு புராஜெக்ட்: சார்ட்டா, தெருவா?

ஒன்பதாம் வகுப்புக்கு வழக்கமாக டெங்கு பற்றி சார்ட் கேட்போம். இந்த முறை பாதி வகுப்புக்குச் சார்ட், மீதிப் பாதிக்கு வீடு வீடாகக் கொசுப்புழு கணக்கெடுப்பு என்று பிரித்தேன்.

சார்ட்டில் வசதி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், செலவு ஸ்கெட்ச் பேனாவோடு முடிந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் நான்கு பருவங்களும் அழகாக வந்திருந்தன. ஆனால் அது எப்போது கடிக்கும் என்று கேட்டால் "ராத்திரி" என்றார்கள். பகலில் கடிக்கும் என்று அவர்கள் எழுதிய சார்ட்டிலேயே இருந்தது.

கணக்கெடுப்புக்கு மூன்று வாரம் ஆனது. பெற்றோர் அனுமதி, கூடவே ஓர் ஆசிரியர் எல்லாம் வேண்டும். ஆனால் ஒரு மாணவி தன் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை உருவி டார்ச் அடித்துப் பார்த்தாள். தலைகீழாகத் தொங்கிய புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே இறங்கின. "மிஸ், எங்க வீட்டிலேயேவா!" என்றாள் மறுநாள். 100 வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்பதுதான் வீட்டுக் குறியீடு. அந்தச் சதவீதக் கணக்கை அவர்களே போட்டார்கள். முட்டை கொசுவாக மாற 8 முதல் 10 நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு முறை தொட்டியைக் கழுவச் சொல்கிறோம் என்பதும் புரிந்தது. வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும், நன்றாகத் தேய்க்க வேண்டும்.

நேரமே இல்லை என்றால் சார்ட் சரி. எனக்கு இனி கணக்கெடுப்புதான். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தொடங்கிவிடுவேன்.