ஃபேஸ்புக், மாஸ்டடான், ப்ளூஸ்கை: கிளம்பும்போது கையோடு என்ன வரும்?

நாம் போடும் பதிவும் படமும் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் எல்லா சமூக வலைத்தளமும் சொல்லும் பதில் ஒன்றுதான்: உங்களுக்குத்தான். ஃபேஸ்புக்கின் விதிமுறைகளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. சரி, சொந்தம் என்றால் தூக்கிக்கொண்டு போகலாம், வேண்டாதவர் கண்ணில் படாமல் பூட்டியும் வைக்கலாம் இல்லையா? அதனால் விதிமுறையில் எழுதியிருப்பதை ஓரமாக வைத்துவிட்டு மூன்று தளங்களிடமும் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுப் பார்க்கிறேன். நாளைக்கே கிளம்பினால் என் பெயர், என்னைப் படிக்கிற ஆட்கள், நான் எழுதியது, இவற்றில் எது என்னோடு வரும்? கிளம்பாமல் இருக்கிற வரைக்கும் நான் போடுவதையெல்லாம் யார் யார் பார்க்கிறார்கள்? முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும் தளம் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

ஃபேஸ்புக்கை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அத்தை, சித்தப்பா, பத்தாம் வகுப்பு நண்பர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். நம் தகவலைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி அங்கே 2010 முதல் இருக்கிறது. நிறுவனம் நம்மைப் பற்றி எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பது அடுத்த வருடமே ஊருக்குத் தெரிந்தது: வியன்னாவைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்ட மாணவர், ஐரோப்பியச் சட்டத்தைக் காட்டி, என்னைப் பற்றி வைத்திருப்பதைக் கொடுங்கள் என்று கேட்டதும் 1,200 பக்கத்துக்கு மேல் ஒரு பிடிஎஃப் வந்து சேர்ந்தது, அழித்தாயிற்று என்று அவர் நினைத்திருந்த செய்திகள் உட்பட. அங்கே தொடங்கிய வழக்குகள்தான் பின்னால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான தரவு ஒப்பந்தங்களை 2015-லும் 2020-லும் அடுத்தடுத்துக் கவிழ்த்தன.

இன்று அந்தத் தரவிறக்கத்தைக் கேட்டால் எச்டிஎம்எல் (உலாவியில் திறந்து படிக்கும் பக்கம்) வேண்டுமா ஜேசன் (நிரல்கள் படிப்பதற்கான கோப்பு) வேண்டுமா என்று கேட்கும். தமிழில் எழுதுகிறவர்கள் யோசிக்காமல் எச்டிஎம்எல்லை எடுங்கள். ஜேசன் கோப்பில் யுனிகோடை, அதாவது கணினி தமிழை எழுதும் முறையை, உடைத்துத்தான் வைக்கிறார்கள். ஒரு தமிழ் எழுத்துக் குறி கணினிக்குள் மூன்று பைட்டாக இருக்கும், அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்து போல எழுதிவிடுவதால், ‘அம்மா’ என்று போட்டிருந்தது ஒரு வரி நீளத்துக்கு எண்ணும் எழுத்துமாகக் கிடக்கும். நிரல் தெரிந்தவர்கள் ஒட்டவைத்துவிடலாம், மற்றவர்களுக்கு அந்தக் கோப்பு ஒன்றுக்கும் உதவாது.

அதைவிடப் பெரிய விஷயம் நண்பர்கள் பட்டியல். அந்தக் கோப்பைத் திறந்தால் வரிசையாகப் பெயர், பக்கத்தில் நண்பரான தேதி, அவ்வளவுதான். மின்னஞ்சல் இல்லை, தொலைபேசி எண் இல்லை, வேறு தளத்தில் அதே ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நூல் நுனிகூட இல்லை. படங்களைக் கூகுள் போட்டோஸுக்கு நேராக அனுப்பும் வழி 2020-ல் உலகம் முழுக்க வந்துவிட்டது, பதிவுகளும் ஜிப்பில் வந்துவிடும், ஆனால் பத்து வருடம் சேர்த்த ஆட்களில் ஒருவரைக்கூட அழைத்துக்கொண்டு போக முடியாது. ஃபேஸ்புக் நம்மைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரே இடத்தில்தான், அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

பெயர் விஷயத்தில் அவர்கள் இன்னும் கெடுபிடி. நிஜ வாழ்க்கையில் அழைக்கப்படும் பெயர்தான் வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டு 2014-ல் அமெரிக்காவில் மேடைப் பெயரில் இருந்த டிராக் கலைஞர்கள் (பெரும்பாலும் பெண் வேடமிட்டு மேடையேறும் ஆண்கள்) பலரின் கணக்கை முடக்கி, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். நமக்கு வேறு தொல்லை. இனிஷியலும் ஒற்றைப் பெயருமாக வாழ்கிற ஊரில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தை நிரப்பச் சொன்னால் அப்பா பெயர் போய் குடும்பப் பெயராக உட்கார்ந்துகொள்கிறது. (ஒற்றைப் பெயர் வேண்டும் என்பதற்காக இந்தோனேசியாவில் இருப்பதுபோல் காட்டிக் கணக்கை மாற்றிய ஆட்களும் உண்டு.) 2017 டிசம்பரில் ஆதாரில் உள்ளபடி பெயர் கொடுங்கள் என்று இந்தியாவில் புதிதாகச் சேர்கிறவர்கள் சிலரிடம் ஃபேஸ்புக் சோதனையாகக் கேட்டுப் பார்த்தது. அடுத்த வருடம் சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்திலேயே பொதுநல வழக்கு வந்தது, அதை உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லி ஃபேஸ்புக் 2019-ல் மனுப் போட்டது. புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு, அதுவும் சாதி பற்றியோ வீட்டுக்குள் நடக்கும் அடி உதை பற்றியோ எழுதுகிற பெண்களுக்கு, இது சும்மா ஒரு படிவப் பிரச்சினை இல்லை.

சரி, இரண்டாவது கேள்வி. நண்பர்களுக்கு மட்டும், இன்னாரைத் தவிர, எனக்கு மட்டும் என்று ஃபேஸ்புக் கொடுக்கும் பூட்டுகள் உண்மையில் நல்ல பூட்டுகள். அலுவலக மேலாளர் கண்ணில் படாமல் படம் போட மற்ற இரண்டு தளங்களைவிட இதுதான் வசதி. ஆனால் பூட்டு பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான், வீட்டுக்காரரிடம் சாவி எப்போதும் இருக்கிறது. மற்ற இணையதளங்களிலும் செயலிகளிலும் நாம் செய்வதைக்கூட அந்தந்த நிறுவனங்கள் ஃபேஸ்புக்குக்கு அனுப்புகின்றன. அமைப்புகளுக்குள் தேடிப் போனால் அந்தப் பட்டியல் கிடைக்கும், ஒருமுறை பாருங்கள், மருந்து வாங்கிய செயலியும் கடன் கேட்ட செயலியும் இருந்தாலும் இருக்கும். கேம்பிரிட்ஜ் அனாலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் தரவு போய்ச் சேர்ந்த விவகாரத்தில், அதைத் திரட்டிய வினாடிவினா செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தான், தரவு போனது 8.7 கோடி பேருடையது வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே 2018-ல் சொன்னது. மீதிப் பேர் செய்த ஒரே காரியம், அந்தச் செயலியை வைத்திருந்த யாரோ ஒருவருக்கு நண்பராக இருந்தது. பாதுகாப்புக்காகக் கொடுத்த தொலைபேசி எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதும் சேர்த்துத்தான் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019-ல் 500 கோடி டாலர் அபராதம் போட்டது.

இனி மாஸ்டடான். 2016-ல் ஜெர்மனியில் ஒய்கன் ரோக்கோ தொடங்கியது. ஒரே நிறுவனம் இல்லை, ஆயிரக்கணக்கான சர்வர்கள், எதில் சேர்ந்தாலும் மற்றதில் இருப்பவர்களோடு பேசலாம். பெயருக்குப் பின்னால் சர்வரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும், மின்னஞ்சல் முகவரி மாதிரி. சேர ஒரு மின்னஞ்சல் போதும், நிஜப் பெயரா என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. 2019-ல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு, நாஜிக் கூட்டத்தில் கை தூக்க மறுத்து நிற்கும் ஒருவரின் புகைப்படத்தை வைத்ததற்காக முடக்கப்பட்டபோது, இந்தியாவில் ஒரு கூட்டமே கோபித்துக்கொண்டு இங்கே வந்தது. பலர் தங்கவில்லை என்பது வேறு கதை.

கிளம்புவது இங்கே பாதிக்கு மேல் நன்றாக நடக்கிறது. புதுக் கணக்கில் பழைய கணக்கின் பெயரைக் கொடுத்துவிட்டு, பழையதில் போய் மாற்றச் சொன்னால் பின்தொடர்கிறவர்கள் தானாகவே புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். நாம் பின்தொடர்பவர்கள், தடுத்து வைத்தவர்கள் பட்டியலையும் கோப்பாக எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். பதிவுகள் மட்டும் வராது. காப்பகமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், புது இடத்தில் மறுபடி விரிக்க முடியாது. இன்னொரு நிபந்தனை: மாறுகிற நேரத்தில் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். குயர்.ஏஎஃப் என்ற சர்வருக்கு 2024 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள், அதன் முகவரியின் கடைசி இரண்டு எழுத்து ஆப்கானிஸ்தானுக்கு உரியது, தாலிபான் அரசின் தொலைத்தொடர்பு அமைச்சகம் அந்த முகவரியையே நிறுத்திவிட்டது. பேருக்குப் பின்னால் நிற்கும் சர்வர் முகவரி எந்த நாட்டுடையது என்று சேரும்போது யார் பார்க்கிறார்கள்?

யார் பார்க்கிறார்கள் என்பதில் மாஸ்டடான் சங்கடமான இடம். விளம்பரம் இல்லை, பின்தொடர்ந்து வந்து உளவு பார்க்கும் கருவி இல்லை, பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் என்று பதிவு போடலாம். ஆனால் நேரடிச் செய்திகளுக்கு, நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கம் கிடையாது, சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் தரவுத்தளத்தைத் திறந்து படிக்கலாம், மறுமுனையில் இருப்பவரின் சர்வர் நிர்வாகியும் படிக்கலாம். பதிவை அழித்தால் மற்ற சர்வர்களுக்கு அழிக்கச் சொல்லி வேண்டுகோள்தான் போகும், கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு. கொலெக்டிவா என்ற சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டில் 2023 மே மாதம் எஃப்பிஐ வேறொரு விவகாரத்துக்காகச் சோதனை போட்டபோது, அவர் பழுது பார்ப்பதற்காக எடுத்து வைத்திருந்த தரவுத்தளப் படியும் குறியாக்கம் இல்லாமலே அவர்கள் கையில் போனது. நல்லவர்தான் அந்த நிர்வாகி. பெரிய நிறுவனத்தை நம்புவதற்குப் பதில் ஒரு தனி மனிதரை நம்புகிறோம் என்றால், அவருடைய மேசை டிராயரையும் சேர்த்து நம்புகிறோம்.

ப்ளூஸ்கை இதையெல்லாம் பார்த்துவிட்டு வடிவமைத்தது போல இருக்கிறது. ட்விட்டருக்குள் 2019-ல் அதன் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சி அறிவித்த திட்டம், பிறகு தனி நிறுவனமாகி 2024 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறந்தது. இங்கே நம் கணக்கின் உண்மையான அடையாளம் யாரும் படிக்க முடியாத ஒரு நீளமான குறியீடு, நாம் பார்க்கும் பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு. அந்தச் சீட்டு நம் சொந்த டொமைனாகவே, அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிய இணைய முகவரியாகவே இருக்கலாம். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (அந்த முகவரிக்கான அமைப்புகள்) பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் வகையில் ஒரு வரியைச் சேர்த்து, ப்ளூஸ்கை கொடுக்கும் குறியீட்டை ஒட்டிவிட்டுச் சரிபார்க்கச் சொன்னால் முடிந்தது, வேலை தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிடம். தமிழ் எழுத்தில் டொமைன் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம், அது லத்தீன் எழுத்துக் குழப்பமாகத்தான் தெரியும்.

பெயர் நம் கையில் இருப்பது ஏன் முக்கியம் என்றால், 2023 ஜூலையில் ட்விட்டர் எக்ஸ் ஆனபோது வெறும் எக்ஸ் என்ற பெயரைப் பல வருடமாக வைத்திருந்த சான் பிரான்சிஸ்கோ புகைப்படக்காரரிடமிருந்து அதைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள். சொந்த டொமைனை அப்படி எந்தத் தளமும் எடுக்க முடியாது. ஆட்களும் அந்த நீளமான குறியீட்டைத்தான் பின்தொடர்கிறார்கள் என்பதால் பெயரை மாற்றினாலும் சர்வரை மாற்றினாலும் அறுந்துபோகாது, பதிவுகளும் ஒரே கோப்பாகக் கூடவே வரும். முதல் கேள்விக்கு மூன்றிலும் முழுப் பதில் இதுதான். ஒரே குறை, அந்த அடையாளத்தை மாற்றும் சாவியை நாமாகக் கேட்டு வாங்கி வைத்தாலொழிய அது நிறுவனத்திடமே இருக்கும், பெரும்பாலோர் கேட்பதில்லை.

ஆனால் ரகசியமா? அங்கே பதிவுகளில் அப்படி ஒன்றே கிடையாது. நண்பர்களுக்கு மட்டும் என்ற வசதி இல்லை, பதிவுகள் மட்டுமல்ல, யாருக்கு லைக் போட்டோம், யாரைத் தடுத்தோம் என்பதுகூட யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்க வேண்டும் என்றால் எல்லாம் திறந்த வெளியில் ஓட வேண்டியிருக்கிறது, அதே ஓட்டத்தில் யாரும் வாளியை நீட்டலாம். 2024 நவம்பரில் ஹக்கிங் ஃபேஸ் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் 10 லட்சம் ப்ளூஸ்கை பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கான தொகுப்பாகப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார். அவர் எடுத்துவிட்டார் என்பதால் அடுத்தவர் போடாமல் இருக்கப்போவதில்லை, தொழில்நுட்பத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

சட்டம் காப்பாற்றுமா என்றால், ஐரோப்பாவில் தரவைக் கையோடு எடுத்துப்போகும் உரிமை 2018 முதல் இருக்கிறது. இந்தியாவின் 2019 மசோதாவிலும் அது இருந்தது, 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் காணவில்லை. இன்னொன்று, நாமாகவே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதாவது ப்ளூஸ்கையில் போடும் பதிவு அத்தனையும் சட்டத்துக்கு வெளியே.

இதனால் நான் சொல்வது, பெயர் சொல்லி ஊருக்கு எழுதுகிறவர்கள், பத்திரிகையாளர்கள், ஓவியர்கள், அரசியல் பேசுகிறவர்கள் ப்ளூஸ்கையில் சொந்த டொமைனோடு உட்காருங்கள், எப்படியும் எல்லாரும் படிக்கத்தானே எழுதுகிறீர்கள். புனைபெயர்க்காரர்களுக்கு டொமைன் ஆபத்து, வாங்கும்போது பெயர் முகவரி கொடுக்க வேண்டும், அதை மறைக்கும் வசதி எல்லா வகை டொமைனுக்கும் இல்லை. அவர்களுக்கு நிர்வாகி யாரென்று விசாரித்துச் சேர்ந்த ஒரு மாஸ்டடான் சர்வர் நல்லது, நேரடிச் செய்தியில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஃபேஸ்புக்கை விடச் சொல்ல மாட்டேன், அத்தை வேறெங்கும் வரப்போவதில்லை. ஆனால் அங்கே இருக்கும் ஆட்களில் உங்களுக்கு வேண்டிய முப்பது நாற்பது பேரின் மின்னஞ்சலை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தரவிறக்கம் அதைத் தராது. குழந்தைகளின் படத்துக்கு மூன்றுமே வேண்டாம்.

டொமைன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்று பாருங்கள். அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலை டொமைன் விற்ற பதிவாளரிடம் கொடுத்திருந்தால், டொமைன் காலாவதியாகிற அன்றைக்கு அந்தப் பெட்டியும் நின்றுவிடும், கடைசி எச்சரிக்கை வந்ததுகூட உங்களுக்குத் தெரியாது.