நெல்லைக்கு எதில் போகலாம்: பேட்டரி கார், பெட்ரோல் கார், வந்தே பாரத்

சென்னையிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்கு ஏறத்தாழ 620 கிலோமீட்டர். அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகள், நான் என்று ஐந்து பேர். பல வருடம் பெட்ரோல் காரில் போன அதே சாலையில் இப்போது 45 யூனிட் பேட்டரி உள்ள எலெக்ட்ரிக் காரில் போய்வருகிறோம். நடுவில் ஒருமுறை வந்தே பாரத்திலும் போய்ப் பார்த்தாயிற்று.

காசுக் கணக்கில் பெரிய சண்டை இல்லை. பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு வழிக்கு 3,900. எலெக்ட்ரிக் காருக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 93 யூனிட் ஆகிறது. பாதியை வீட்டிலேயே ராத்திரி ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். மீதிக்கு வழியில் ஜிஎஸ்டி சேர்த்து யூனிட்டுக்கு 22 ரூபாய் போல ஆகும். எல்லாம் சேர்த்து 1,600க்குள் முடிந்துவிடும். டோல் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். வந்தே பாரத்தில் ஐந்து பேருக்கு சேர் கார் டிக்கெட் எடுத்தாலே பெட்ரோல் செலவைத் தாண்டிவிடும்.

நேரத்தில் ரயிலை அடிக்க முடியாது. 8 மணி நேரத்துக்குள் திருநெல்வேலி ஜங்ஷன். பெட்ரோல் காரில் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 11 மணி நேரம் ஆகும். எலெக்ட்ரிக்கில் எல்லாம் சரியாக நடந்தால் 12, சில நாள் பன்னிரண்டரை. வித்தியாசம் இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அப்பாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தே ஆக வேண்டும், மகளுக்கு அதுவும் பத்தாது. எப்படியும் நிற்கிற வண்டி சார்ஜரில் நிற்கிறது, அவ்வளவே. தனியாக ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

உளுந்தூர்பேட்டையில் காலைச் சாப்பாடு, விராலிமலையில் மதியம், விருதுநகரில் டீ. 60 கிலோவாட் சார்ஜரில் 20 சதவீதத்திலிருந்து 80 ஏற 40 நிமிடம் பிடிக்கும். 80க்கு மேல் வேகம் குறைந்துவிடும். 100 ஆக்கியே தீருவேன் என்று உட்கார்ந்தால் இன்னொரு 40 நிமிடம் போகும். அதே சார்ஜரின் பக்கத்து கன்னில் (வண்டியில் செருகும் பிளக்) இன்னொரு வண்டி வந்து மாட்டினால் அந்த 60ம் பாதியாகப் பிரியும். இட்லி ஆறுவதற்குள் யாராவது வந்துவிடுவார்கள்.

முழு சார்ஜில் 480 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான்குவழிச் சாலையில் எனக்குக் கிடைப்பது 300. வேகத்தை 90லிருந்து 110க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகிறது, பேட்டரி மளமளவென்று இறங்குகிறது. பெட்ரோல் காருக்கும் அதே காற்றுதான். ஆனால் அடுத்த பங்க் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை.

போன பொங்கலுக்கு விராலிமலையில் மாட்டிக்கொண்டோம். ஆப்பில் பச்சையாகக் காட்டிய சார்ஜரின் திரை இருண்டு கிடந்தது. "நேத்தே ஃபால்ட் ஆயிடுச்சு சார்" என்றார் வாட்ச்மேன். கையில் 22 சதவீதம். துவரங்குறிச்சிப் பக்கம் அடுத்த சார்ஜர், 30 கிலோமீட்டர் போல. ஏசியை அணைத்து 60ல் உருட்டினேன். பின்சீட்டிலிருந்து அம்மா, "ஜன்னலைத் திறந்தா கரண்ட் செலவாகுமாப்பா?" என்று கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். 14 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு முன்னால் மூன்று வண்டி. அன்றைக்கு வீடு சேர 16 மணி நேரம் ஆனது.

ஊரில் இறங்கிய பிறகு ரயில் பின்தங்கிவிடுகிறது. திருச்செந்தூர், குற்றாலம் என்று தினம் ஒரு பக்கம் கிளம்பும்போது வாடகைக் காருக்குப் பேரம் பேச வேண்டும். எலெக்ட்ரிக் காரோ ராத்திரி 16 ஆம்பியர் பிளக்கில் பத்து மணி நேரம் கிடந்தால் மறுநாள் 200 கிலோமீட்டர் ஓடும். முதல் தடவை அதுவும் நடக்கவில்லை. பழைய வீட்டில் எர்த் சரியில்லாததால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து முருங்கை மரத்தடியில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் பைப் இறக்கினார். அப்புறம் தொந்தரவு இல்லை. கிரைண்டரைத் தொட்டால் சுள்ளென்று அடிப்பதும் நின்றதாக அம்மா சொன்னாள்.

ஆகவே கோடை விடுமுறைக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் எலெக்ட்ரிக் கார். துக்கச் செய்தி வந்து ஓட வேண்டுமென்றால், டிக்கெட் கிடைத்தால் ரயில், கிடைக்காவிட்டால் பெட்ரோல் கார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இனி தம்பியின் பெட்ரோல் காரைத்தான் எடுப்பதாக இருக்கிறேன். பண்டிகை வாரத்தில் அவன் எங்கள் வண்டியைச் சென்னைக்குள் ஓட்டிக்கொள்வான். போன தீபாவளிக்கு அப்படித்தான் மாற்றிக்கொண்டோம். நான் டேங்க் நிரப்பிக் கொடுத்தேன், அவன் 9 சதவீதத்தில் கொண்டுவந்து விட்டான்.