ஹெல்ஃப்ஷ்டீன்: இடிந்ததை இடிந்தபடியே காப்பாற்றிய அரண்மனை

இடிந்த கோட்டையைச் சீரமைப்பது என்றாலே, விழுந்த சுவரை எழுப்பி, போன கூரையைப் போட்டு, மேலே பூசி மெழுகிப் புதுசாக்குவதுதான் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அவர்கள் செக் நாட்டில், மொராவியாவில் இருக்கும் ஹெல்ஃப்ஷ்டீன் கோட்டையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பழைய கல், செங்கல் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

பெச்வா ஆற்றுக்கு மேலே ஒரு குன்று. அதில் முற்றத்துக்குப் பின் முற்றம், வாசலுக்குப் பின் வாசல் என்று நீள்கிறது கோட்டை. நாட்டின் மிகப் பெரிய கோட்டை வளாகங்களில் இதுவும் ஒன்று. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது பெர்ன்ஷ்டேன் குடும்பத்தின் கைக்கு வந்து பெரிதாக வளர்ந்தது. கடைசியில் இருக்கும் அரண்மனை, மறுமலர்ச்சிக் காலப் பாணியில் மாற்றிக் கட்டப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போருக்குப் பின் பகுதி பகுதியாக இடித்துக் கைவிட்டார்கள். அதன் பிறகு கூரையில்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் மழையிலும் பனியிலும் நின்ற சுவர்கள்தான் இன்று நாம் பார்ப்பவை. ஆபத்தான நிலைக்குப் போய்விட்டதால் 2014-இல் அரண்மனையை மூடினார்கள். அட்டெலியே-ஆர் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில் வேலை நடந்து, 2020-இல் மறுபடி திறந்தார்கள்.

கூரை போன கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று தெரிந்தால்தான் இந்த வேலையின் அருமை புரியும். இந்த மாதிரித் தடிமனான சுவர்களில் வெளிப்பக்கமும் உள்பக்கமும்தான் ஒழுங்கான கல்வரிசை இருக்கும். நடுவில் சல்லியும் சுண்ணாம்புக் காரையும் போட்டு நிரப்பியிருப்பார்கள். மேல்தலை திறந்து கிடந்தால் தண்ணீர் நேரே அந்த நடுவயிற்றுக்குள் இறங்கும். குளிரில் அது உறைந்து கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். வருஷா வருஷம் இப்படியே நடந்தால் காரை உதிர்ந்து, வெளிவரிசை வயிறு தள்ளிப் பிரியும். இன்னொரு சங்கடமும் உண்டு. தளங்களும் கூரையும் சுவர்களைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துபவை. அவை போய்விட்டால் மூன்று மாடி உயரச் சுவர் பிடிமானமில்லாமல் தனியாக நிற்கும். மேலே புல்லை மட்டும் பிடுங்கிவிட்டு சிமெண்ட் கலவையைப் பூசினால் கேடு இன்னும் வேகமாக வரும். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பும் ஈரமும் கல்வழியாகத் தேடிக்கொண்டு வெளியே வரும், கல் பொரிந்து போகும்.

இங்கே செய்திருப்பதைப் பாருங்கள். அறைகளுக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். அதைச் சுவரின் உச்சியில் தொப்பியாகக் கவிழ்க்காமல், உச்சிக்குக் கீழே, சுவர்களுக்கு நடுவில் இறக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது கோட்டையின் கரடுமுரடான விளிம்பு பழையபடியே தெரிகிறது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கல், அதற்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கும் மேலே மறுபடி கல், பிறகு வானம். உத்தரங்கள் செருகியிருந்த குழிகள் சுவரில் வரிசையாக அப்படியே இருக்கின்றன. ஒரு காலத்தில் தளம் எங்கே ஓடியது என்று விரலால் கோடு போட்டுக் காட்டலாம். அந்தக் குழிகளை அடைக்காமல் விட்டதற்கே இவர்களைக் கும்பிடலாம்.

புதிதாகச் சேர்த்தவை மூன்றே பொருள்கள்: கண்ணாடி, கார்ட்டன் எஃகு, மெருகேற்றிய கான்கிரீட். படிகளும் நடைபாலங்களும் எஃகில். நடைபாலம் போகும் உயரத்தில், முன்பு யாருமே பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாத ஜன்னல் சட்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகின்றன. என்னோடு வந்த அம்மா முதல் படியிலேயே நின்றுவிட்டார். "ஏண்டி, இவ்வளவு செலவு பண்ணிட்டு துருப்பிடிச்ச இரும்பையா போட்டிருக்காங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செம்பு, குரோமியம் போன்றவை கொஞ்சம் கலந்த இந்த எஃகில் மேலே படியும் துருவே இறுகிப்போய் உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். வண்ணம் பூசவே வேண்டாம். பழைய கல்லின் நிறத்தோடும் சண்டை போடாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஆரம்ப வருஷங்களில் மழைநீரோடு துரு வழிந்து பக்கத்துக் கல்லில் கறை படியும். நம் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்துச் செய்ய நினைத்தால், தண்ணீர் எங்கே சொட்டும் என்று முதலில் வரைந்து பார்த்துவிட்டு எஃகை வாங்குங்கள்.

பழையதைப் போலவே கட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டையைச் சொல்வேன். அதுவும் மறுமலர்ச்சிக் கால இடிபாடுதான். அங்கே ஃபிரீட்ரிக் மாளிகையை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீரமைத்தபோது உட்புறத்தைப் புதிதாகக் கற்பனை செய்தே அலங்கரித்தார்கள். அடுத்து ஓட்ஹைன்ரிக் மாளிகையையும் அப்படியே எழுப்பப் போனபோது, கலை வரலாற்றாளர் கியோர்க் டேஹியோ கடுமையாக எதிர்த்தார். காப்பாற்றுங்கள், மறுபடி உருவாக்காதீர்கள் என்பதுதான் அவர் வாதம். அந்த மாளிகை இன்றுவரை கூரையில்லாமல் நிற்கிறது. பழைய நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964-இன் வெனிஸ் சாசனமும் இதையே விதியாக்கியது: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்ப்பது புதிது என்று தெரிய வேண்டும். அதே சாசனம், கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும்படி வைத்திருப்பது அதைக் காக்க உதவும் என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சாதித்த இடம் ஹெல்ஃப்ஷ்டீன் என்பது என் தீர்மானமான கருத்து. இங்கே விடுதி கட்டவில்லை, குளியலறைக் குழாய்க்காகச் சுவரைக் குடையவில்லை. நடந்து பார்க்கவும் காட்சிகள் வைக்கவும் மட்டும் இடம் செய்திருக்கிறார்கள். சுவர் தாங்குகிற அளவுக்குத்தான் பயன்பாடு.

மெத்தை நாற்காலி, தங்க முலாம் பூசிய கண்ணாடி, ஓவியம் மாட்டிய கூடம் இவற்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே ஏற்றம், உள்ளே போனால் படிகள். மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போனால் கல்லின் நிற வேறுபாடுகள் நன்றாகத் தெரியும்.

ஒவ்வோர் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே ஹெஃபைஸ்டோன் என்ற கொல்லர் திருவிழா நடக்கிறது. 1982-இலிருந்து நடக்கும் இதற்குப் பல நாட்டுக் கலைக்கொல்லர்கள் வந்து உலை மூட்டி வேலை செய்வார்கள். இரும்பு வேலையில் ஆர்வம் இருந்தால் அந்த வாரக்கடைசியைத் தவறவிடாதீர்கள். அரண்மனையை நிதானமாகப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு வேறொரு நாள் காலையில் போய்விடுங்கள்.