பிரிக்பீல்ட்ஸ் ஜிம் ஒன்றின் 12 வார ‘டோனிங்’ பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கடைவரிசையில் இரண்டாவது மாடி. மாதக் கட்டணம் 120 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேல் 12 வார ‘டோனிங்’, அதாவது உடம்பைக் கட்டாக்கும் பேக்கேஜ் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள்: வாரம் இரண்டு நாள் பயிற்சியாளரோடு, ஒரு நாள் தனியாக. பயிற்சியாளரோடு மொத்தம் 24 வகுப்பு, 1,920 வெள்ளி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜிம் நல்ல ஜிம். பயிற்சியாளர்களும் வேலை தெரிந்தவர்கள். ஆனால் பேக்கேஜோடு கையில் தரும் பயிற்சி அட்டை அந்தக் காசுக்குத் தகுந்ததல்ல. இதே மாதிரி அட்டை கோலாலம்பூரில் பல இடங்களில் புழங்குவதால், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் கருவிகள். ஸ்குவாட் ராக் இரண்டு, ஸ்மித் மெஷின் ஒன்று, இரட்டைக் கேபிள், லெக் பிரஸ், குப்புறப் படுத்துச் செய்யும் லெக் கர்ல், லாட் புல்டவுன், சீட்டட் ரோ எல்லாம் இருக்கின்றன. உடம்பைக் கட்டாக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். டம்பெல் 2.5 கிலோவில் தொடங்கி 30 கிலோ வரை, 2.5 கிலோ இடைவெளியில் அடுக்கியிருக்கிறார்கள். இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். 25 கிலோவிலிருந்து 27.5க்குப் போவது பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். 5 கிலோவிலிருந்து 7.5க்குப் போனால் ஒரேயடியாகப் பாதி கூடுகிறது. தோளுக்காகக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரெய்ஸில் பெண்கள் மாதக்கணக்கில் ஒரே டம்பெல்லில் நின்றுவிடுவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான், சோம்பல் அல்ல. வழி இருக்கிறது: 5 கிலோவில் 12 ரெப்போடு (ஒருமுறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்) நிறுத்தாமல் 20 வரை ஏற்றிவிட்டு 7.5க்குப் போங்கள். ஆரம்பத்தில் 8 ரெப்தான் வரும், அது போதும்.

இனி அட்டை. முன்பக்கம் ஒன்பது பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் 20 ரெப், நான்கு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. பின்பக்கம் ஒரு கட்டம்: தேதி, வருகை, பயிற்சியாளர் கையெழுத்து. எத்தனை கிலோ தூக்கினோம் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. முதல் வாரம் 2.5 கிலோ டம்பெல் பிடித்தவர் பன்னிரண்டாவது வாரத்திலும் அதையே பிடித்திருந்தால், அந்த அட்டையைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்களுடைய முதல் குறையும் பெரிய குறையும் இதுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், கையும் தொடையும் இறுகித் தெரிய இரண்டு காரியம் நடக்க வேண்டும்: உள்ளே தசை வளர வேண்டும், அல்லது குறையாமல் நிற்கவாவது வேண்டும், அதன் மேல் படிந்த கொழுப்பு குறைய வேண்டும். வாரங்கள் போகப் போகப் பளுவோ ரெப்போ கூடினால்தான் தசைக்கு வளர வேலை இருக்கும். கொழுப்பு குறைவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பொறுத்தது. கொழுப்பை நாம் விரும்பும் இடத்தில் மட்டும் கரைக்கவும் முடியாது. அட்டையில் வயிற்றுக்கென்றே மூன்று பயிற்சி இருக்கிறது. 240 தடவை வயிற்றை மடக்கினால் வயிற்றுத் தசைக்கு வேலை கிடைக்கும், மேலே இருக்கும் கொழுப்பு அங்கேயேதான் இருக்கும்.

20 ரெப் தவறு என்று சொல்லவில்லை. 6 ரெப்பிலும் தசை வளரும், 25 ரெப்பிலும் வளரும். ஒரே நிபந்தனை, ஒரு செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள்) முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப்புக்கு மேல் முடியாது என்ற நிலைக்கு வந்திருக்க வேண்டும். 2.5 கிலோவில் 20 முடித்துவிட்டு இன்னும் 20 செய்ய முடிகிறவருக்கு மூச்சு வாங்கும், வியர்க்கும், அவ்வளவுதான். 30 விநாடி ஓய்வு இன்னும் மோசமாக்குகிறது. கால் பயிற்சியில் தொடை களைப்பதற்கு முன்னாலேயே மூச்சு முட்டிப்போய் நிறுத்திவிடுவார்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிரஸ் மாதிரிப் பெரிய பயிற்சிகளுக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம் உட்காருங்கள். சின்னப் பயிற்சிகளுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்.

நெரிசல் நேரத்தில் இந்தச் சுற்றுப் பயிற்சி நடக்கவும் நடக்காது. மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை இடம் நிரம்பி வழிகிறது. ஒன்பது கருவியைச் சுற்றிச் சுற்றி வர யார் விடுவார்கள்? இரண்டாவது சுற்றிலேயே லெக் பிரஸில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுமோ என்று கேட்கும் பெண்களுக்கு இந்த ஜிம் சொல்லும் பதில்: “அதனால்தான் சின்ன டம்பெல் கொடுக்கிறோம்.” தப்பான பதில். தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்ணுடம்பில் மிகக் குறைவு. ஆண்களே வருடக்கணக்கில் முயன்று சேர்க்கும் தசை, வாரம் மூன்று நாள் தூக்கும் பெண்ணுக்குத் தெரியாத்தனமாக வந்துவிடாது.

அதே கருவிகளை வைத்து, அதே மூன்று நாளில், நாங்கள் என்ன அட்டை எழுதுவோம் என்று சொல்கிறோம். திங்கள், புதன், சனி வசதி. வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போகிறவர்கள் அதிகம், அதனால் சனி காலை. ஒவ்வொரு நாளும் முழு உடம்பும் வர வேண்டும்.

திங்கள்: டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துச் செய்யும் காப்லெட் ஸ்குவாட் 3 செட், 8 முதல் 12 ரெப், லாட் புல்டவுன் 3 செட், பெஞ்சில் படுத்து டம்பெல் பிரஸ் 3 செட், லெக் கர்ல் 2 செட், 10 முதல் 15, லேட்டரல் ரெய்ஸ் 2 செட். புதன்: ரோமானியன் டெட்லிஃப்ட் 3 செட், 8 முதல் 10, தோள் பிரஸ் 3, சீட்டட் ரோ 3, ஒரு காலைப் பின்னால் பெஞ்சில் வைத்துச் செய்யும் ஸ்பிலிட் ஸ்குவாட் காலுக்கு 2 செட், கேபிளில் மேல்கையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டிரண்டு. சனி: மேல்முதுகைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பை மேலே தூக்கும் ஹிப் திரஸ்ட் 3 செட், 8 முதல் 12, சாய்வுப் பெஞ்சில் பிரஸ் 3, கைப்பிடியை மாற்றி மீண்டும் புல்டவுன் 3, லெக் பிரஸ் 2 செட், 10 முதல் 15, கடைசியில் பிளாங்க் அல்லது கேபிள் கிரஞ்ச் 2. வார்ம் அப் என்பது ஐந்து நிமிட நடையும், முதல் பயிற்சியையே பாதி எடையில் ஒன்றிரண்டு செட் செய்வதும். வார்ம் அப்போடு எழுபது நிமிடத்துக்குள் முடியும்.

ஏற்றும் முறை எளிது. காப்லெட் ஸ்குவாட்டில் 12.5 கிலோ எடுத்து 10, 9, 8 வந்தது என்றால் அப்படியே எழுதிவையுங்கள். மூன்று செட்டிலும் 12 வரும்வரை அதே டம்பெல். வந்த பிறகு 15 கிலோ, மறுபடி 8லிருந்து. லெக் பிரஸில் 5 கிலோவாக ஏற்றலாம். முதல் சில வாரம் எடை வேகமாக ஏறும். அது பெரும்பாலும் நரம்பும் தசையும் பழகிக்கொள்வதால். அதைப் பார்த்து நான்காவது வாரமே கண்ணாடியில் மாற்றம் தேடாதீர்கள். வாரத்துக்கு வாரம் பயிற்சியை மாற்றவும் வேண்டாம். மாற்றிக்கொண்டே இருந்தால் எது ஏறியது, எது நின்றுவிட்டது என்று தெரியாது.

பயிற்சியாளருக்குக் கொடுக்கும் காசு எங்கே வேலை செய்கிறது என்றால், நிற்கும் நிலையைத் திருத்துவதில். இந்த ஜிம்மில் அதை நன்றாகவே செய்கிறார்கள். லாட் புல்டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். தொடைக்கு மேல் வரும் பஞ்சு உருளையை இறக்கிப் பூட்டாமல் உட்கார்ந்தால், எடை ஏற ஏற உடம்பையே மேலே இழுக்கும். அதைச் சமாளிக்க ஆள் பின்னால் சாய்வார். சாய்ந்ததும் முதுகின் பக்கத் தசைக்குப் போக வேண்டிய வேலையை இடுப்பின் ஆட்டம் எடுத்துக்கொள்ளும். இங்குள்ள பயிற்சியாளர் முதலில் உருளையை இறக்குகிறார், பிறகுதான் எடையின் ஊசியைச் சொருகுகிறார். கம்பி மேல் நெஞ்சுக்கு வரும்வரை முழங்கையைக் கீழே தள்ளச் சொல்கிறார். ரோமானியன் டெட்லிஃப்டில் கம்பி தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும், இடுப்பு பின்னால் போக வேண்டும், முதுகு வளையத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஹிப் திரஸ்டில் பெஞ்ச் பின்னால் வழுக்காமல் இருக்கச் சுவரோடு ஒட்டிவைத்து, மேலே வந்ததும் முழங்காலுக்குக் கீழே கால் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். இதையெல்லாம் கற்றுக்கொள்ள 24 வகுப்பு தேவையில்லை. ஆறு முதல் எட்டு வகுப்பு போதும். வகுப்புக் கணக்கில் தனியாக வாங்கினாலும் அதே 80 வெள்ளிதான், கேட்டால் கொடுக்கிறார்கள். மிச்சக் காசுக்குப் பத்து மாதத்துக்கு மேல் சந்தா கட்டலாம்.

ஒன்றில் மட்டும் கவனக்குறைவு. உடல்நலக் கேள்வித்தாளை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். நம் ஆட்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இவ்வளவு இருக்கும்போது அது போதாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது.

டிரெட்மில் பற்றி அட்டை சொல்வது: எடைக்கு முன்னால் 40 நிமிடம். வரிசையை மாற்றுங்கள். கால் களைத்தபின் ஸ்குவாட்டில் என்ன ஏற்ற முடியும்? எடை முடித்தபின் 15 நிமிடம், அல்லது மற்ற நாளில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி வேக நடை. பத்துமலையின் 272 படி ஏறுவதும் இதயத்துக்கு நல்லது. ஆனால் அது லெக் பிரஸுக்கு மாற்று ஆகாது, படியின் உயரம் வாரத்துக்கு வாரம் கூடுவதில்லை.

இனி சாப்பாட்டுத் தாள். எல்லாருக்கும் ஒரே 1,200 கலோரி, வேகவைத்த கோழி, புரோக்கோலி. 50 கிலோ பெண்ணுக்கும் 85 கிலோ ஆணுக்கும் ஒரே கணக்கா? இப்போது சாப்பிடுவதிலிருந்து 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். வாரம் உடல் எடையில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் இறங்குவது சரியான வேகம். அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து போகும். புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம்: மூன்று முட்டையில் 18, தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி வேகவைத்தது 120 கிராமில் ஏறக்குறைய 35, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் 19, வே புரதம் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) ஒரு கரண்டியில் 24. கணக்கு முடிந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

தைப்பூச விரதமும் புரட்டாசியும் இந்தத் தாளில் இடமே பெறவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நடத்தும் ஜிம் இதை மறக்கலாமா? 48 நாள் சைவம் என்றால் அது 12 வாரத்தில் பாதிக்கு மேல். அந்த நாட்களில் முட்டையும் இல்லை என்றால் தெம்பே 200 கிராம், கெட்டித் தோஃபு, பால், தயிர், வே, கெட்டியாகக் கடைந்த பருப்பு என்று திட்டமிடுங்கள். தண்ணீர் மாதிரி ஓடும் சாம்பாரைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். முழு நாள் பட்டினி இருக்கும் நாளில் கனமான செட் வேண்டாம், பயிற்சியை மறுநாளுக்குத் தள்ளுங்கள். சாதாரண நாளில் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) விலக்கும் அல்ல. இரண்டு தோசை, பருப்புக் கறி, இரண்டு அரைவேக்காட்டு முட்டை, சர்க்கரை போடாத தே ஓ (பாலில்லாத தேநீர்). வாழை இலைச் சாப்பாட்டில் இரண்டாவது முறை சோறு வாங்காமல் மீன் துண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாரா வாரம் ஏறி நிற்கச் சொல்லும் உடல் அளவுக் கருவியை நம்பி மகிழவோ நொந்துபோகவோ வேண்டாம். அது உடம்பில் மின்சாரம் ஓட்டி, நீரை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிறது. பயிற்சி முடிந்து வியர்த்தபின், சாப்பிட்டபின், மாதவிடாய் நாட்களில் எண் மாறும். இரண்டு வெள்ளிக்கு ஒரு அளவு நாடா வாங்கி, வாரம் ஒரு நாள் காலை வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதுங்கள். கவுண்டரில் விற்கும் வியர்வை பெல்ட்டையும் தொடாதீர்கள். அது இறக்கும் எடை தண்ணீர். ஒரு போத்தல் குடித்ததும் திரும்பிவிடும்.

சேர நினைத்தால், திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ராக்குக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். பேக்கேஜ் வேண்டாம், உறுப்பினர் சந்தாவும் தனி வகுப்பு எட்டும் போதும் என்று சொல்லுங்கள். விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் திரும்புமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரசீதில் நிறுவனப் பதிவெண் இருக்கிறதா என்றும் பாருங்கள்: 2024 வரி ஆண்டிலிருந்து ஜிம் சந்தாவை, விளையாட்டுச் செலவுக்கான 1,000 வெள்ளி வரி விலக்கில் காட்டலாம். அதற்கு அந்த ரசீது வேண்டும்.