பிள்ளைகளுக்கு வாக்கு: 18ஆ, 16ஆ, பெற்றோர் கையிலா?

18 வயதில் வாக்குரிமை என்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 2018 பெப்ரவரியில் மாநகர சபைத் தேர்தல் நடந்தபோது 17 வயதில் இருந்த கொழும்புப் பிள்ளைக்கு மாநகர சபைக்கு வாக்களிக்க முதல் வாய்ப்பு 2025 மே 6ஆம் திகதிதான் வந்தது. அதற்குள் வயது 24 ஆகிவிட்டது.

18ஐ அப்படியே வைத்திருப்போம் என்பவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். வயதைக் குறைத்தால் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூட வாசலுக்கும் டியூஷன் வகுப்புக்கும் வருவார்கள். ஓ.எல், ஏ.எல் பரீட்சை நெருக்கடியில் இருக்கும் பிள்ளைக்கு அது வேண்டாத சுமை. இது உண்மையான ஆபத்து. ஆனால் "அவர்களுக்கு விளங்காது" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதும் படிக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் எதற்கு வாக்கு என்று கேட்டார்கள். பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 21ஆக இருந்த வயதை 1959இல் 18ஆகக் குறைத்தோம். நாடு அதனால் கெட்டுப்போகவில்லை.

அடுத்தது 16. பிரேசில் 1988இலும் ஒஸ்திரியா 2007இலும் இதைச் செய்துவிட்டன. இங்கே 16 வயதானால் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. அடையாள அட்டை அதற்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. கொப்பி வாங்கினாலும் கொத்துரொட்டி வாங்கினாலும் பல கடைகளில் விலையோடு 18 வீத வற் வரியும் போகிறது.

16க்கு இன்னொரு நன்மை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த வயதில் பிள்ளை பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். கிராம சேவகர் வாக்காளர் இடாப்புக்கு விபரம் எடுக்க வரும்போது அம்மா அப்பாவின் பெயரோடு அதன் பெயரும் சேரும். 18, 19இல் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹற்றனிலிருந்தும் படிக்க வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருப்பவர்களைப் பாருங்கள். பெயர் ஊரில், ஆள் இங்கே. தேர்தல் நாளில் பஸ்ஸுக்குக் காசும் நேரமும் இருந்தால்தான் வாக்கு.

பிள்ளையின் வாக்கைப் பெற்றோரே போடலாம் என்பது மூன்றாவது யோசனை. மக்கள்தொகை ஆய்வாளர் போல் டெமெனி 1986இல் முன்வைத்தது. முதியவர்கள் பெருகும் நாட்டில் பிள்ளைகளின் நலனுக்கும் எடை கிடைக்கட்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லது, வழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. நம் வீடுகளில் அந்த வாக்கு யார் கைக்குப் போகும்? பெரும்பாலும் அப்பாவின் கைக்கு. அம்மா குவைத்தில் வேலை செய்ய, அம்மம்மா வளர்க்கும் பிள்ளையின் வாக்கு யாருக்கு? அப்புறம், 17 வயது மகள் ஒரு கட்சியை விரும்பி, தகப்பன் அவள் பெயரில் வேறொன்றுக்குப் போட்டால் அது அவளுடைய வாக்கே இல்லை.

வயதெல்லையே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கே பிள்ளைகளை இப்படிப் பிழியும் நாட்டில், வாக்குச் சீட்டையும் பெற்றோர்தான் நிரப்பிக் கொடுப்பார்கள்.

என் தெரிவு 16. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அன்று 15 வயதில் அந்த அடியை வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியைத் தெரிய உரிமை இருக்கவில்லை. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரும்போது அவர்களுக்கு வயது 22.

பாராளுமன்றத்துக்கும் ஜனாதிபதிக்கும் 16 என்றால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அதனால் மாநகர சபையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கொழும்புப் பொது நூலகமும் விகாரமகாதேவிப் பூங்காவும் அதன் கையில்தான் இருக்கின்றன. டெங்கு நுளம்பு பெருகும் கானும் அள்ளாத குப்பையும் அதன் பொறுப்பு. நூலகத்தில் இடம் பிடித்துப் படிக்கும், அந்தக் கானைத் தாண்டி டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு, அந்தச் சபையில் யார் இருக்க வேண்டும் என்று சொல்ல 16 வயது போதும்.