மேசைக்கடியில் நடைமெஷின்: 14 மாதம் நடந்து பார்த்த பிறகு

வீடியோ மீட்டிங்கில் என் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னங்க பண்றீங்க அங்க?" என்று ஒருத்தர் கேட்டார். நடந்துகொண்டே வேலை பார்க்கிறேன் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் தனியாக மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். என்ன மாடல், என்ன விலை, வாங்கலாமா? அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது திருச்சி உறையூரில், இரண்டாவது மாடி ஃப்ளாட். வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் குறிப்புகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு போடுவது. எட்டரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆபீஸ் போன காலத்தில் பஸ் ஸ்டாப் வரைக்குமாவது நடை இருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் அதுவும் போச்சு. சர்க்கரை பார்டரில் வந்து நின்றபோதுதான் 17,000 ரூபாய் சொச்சத்துக்கு இந்த வாக்கிங் பேடை வாங்கினேன். கைப்பிடி கிடையாது, தட்டையான பலகை மாதிரி இருக்கும், அதன் மேல் ஓடுகிற பெல்ட்டில் நடக்க வேண்டும். 24 கிலோ எடை, 11 செ.மீ. உயரம். அதிகபட்ச வேகம் மணிக்கு 6 கி.மீ.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது நான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தது எல்லாம் பின்னால் ஒன்றுக்கும் உதவவில்லை. நான் கேட்கவே தோன்றாத விஷயங்கள்தான் இந்த 14 மாதமும் என்னைப் படுத்தின.

உதாரணத்துக்கு ஹெச்பி, அதாவது மோட்டாரின் குதிரைசக்தி. விளம்பரத்தில் 2.5 ஹெச்பி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 2 ஹெச்பி மெஷினைத் தள்ளிவிட்டு இதை எடுத்ததற்கு அதுதான் காரணம். வீட்டுக்கு வந்த பிறகு மெஷினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் 550 வாட் என்று இருக்கிறது. ஒரு ஹெச்பி என்றால் 746 வாட். அந்தக் கணக்குப்படி 2.5 ஹெச்பிக்கு 1,865 வாட் வர வேண்டும். விளம்பரத்தில் போடுவது மோட்டார் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக் காட்டும் உச்ச சக்தி. தொடர்ந்து தாங்கும் சக்தி அந்த ஸ்டிக்கரில் இருப்பதுதான். ப்ளக்கில் மாட்டும் மீட்டரை வைத்து அளந்தும் பார்த்தேன். ஆள் இல்லாமல் ஓடும்போது 90 வாட், என்னுடைய 68 கிலோவோடு 2 கி.மீ. வேகத்தில் 160 முதல் 220 வரை. இந்த வேலைக்கு அது போதும். ஆக, ஹெச்பியை விட்டுவிட்டு எடை வரம்பைப் பாருங்கள். உங்கள் எடைக்கு மேலே குறைந்தது 20, 25 கிலோ கூடுதலாகத் தாங்கும் மெஷினாக எடுங்கள்.

அப்புறம், "கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்" என்ற வாக்கியம். நான் அதில்தான் விழுந்தேன். எங்கள் கட்டிலுக்கடியில் 14 செ.மீ. இடம் இருக்கிறது, மெஷின் 11 தான், அம்சமாக நுழைந்துவிட்டது. காலையில் இழுத்துப் போடுவது, ராத்திரி உள்ளே தள்ளுவது. சக்கரம் ஒரு முனையில்தான் இருக்கும், இன்னொரு முனையைக் குனிந்து தூக்கித்தான் இழுக்க வேண்டும். நடந்த நாளையெல்லாம் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். முதல் மாதம் 22 புள்ளி. இரண்டாவது மாதம் ஒன்பது. எண்ணிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது மாதம் அறையையே மாற்றினோம். மெஷினை மேசைக்கடியில் நிரந்தரமாகப் போட்டுவிட்டு, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை, அங்கே நாற்காலி. அதன் பிறகு, மெஷின் ஓடாமல் கிடந்த நாட்களை விட்டால், எந்த மாதமும் 20 நாளுக்குக் குறைந்ததில்லை. அதனால் மடிகிறதா, கட்டிலுக்கடியில் போகிறதா என்று பார்ப்பதைவிட, எடுக்காமலே கிடக்க வீட்டில் எங்கே இடம் இருக்கிறது என்று முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். மெஷினுக்கு 130 செ.மீ. நீளம் என்றால், பின்பக்கம் இன்னும் இரண்டடியாவது காலியாக இருக்க வேண்டும். கால் தடுமாறினால் பெல்ட் உங்களைப் பின்னாலேதான் தள்ளும். அங்கே பீரோ இருக்கக்கூடாது.

மேசை உயரம் இதைவிடப் பெரிய கதை. நின்றுகொண்டு டைப் அடிக்க, முழங்கை மடங்கும் உயரத்தில் கீபோர்டு இருக்க வேண்டும். நான் 158 செ.மீ. என் முழங்கை தரையிலிருந்து 99 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மெஷின் 11, ஷூ 2.5. மொத்தம் 112 செ.மீ. சொச்சம். சாதாரண மேசை 75 தான். ஆசாரியை வரவழைத்து, மேசை மேல் வைக்க ப்ளைவுட்டில் ஒரு பெட்டி மணை அடித்து வாங்கினேன், 1,800 ரூபாய் ஆச்சு. மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவர, பழைய வருஷத்துக் கோடு புத்தகங்கள் மூன்றை அடுக்கினேன். ஒவ்வொன்றும் செங்கல் கனம், இப்போதாவது உபயோகப்பட்டது. உயரமானவர்கள் கவனியுங்கள். ஆறடி ஆளுக்கு இந்தக் கணக்கு 125 செ.மீ.யைத் தாண்டிவிடும். கடையில் விற்கும் ஸ்டாண்டிங் டெஸ்க் பலவும் 118, 120-லேயே நின்றுவிடும். மெஷினுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் மேசையை அளக்க வேண்டும். நான் இரண்டு வாரம் லேப்டாப்பைக் குனிந்து பார்த்துக் கழுத்துவலி வந்த பிறகுதான் அளந்தேன்.

சரி, நடந்துகொண்டே வேலை ஓடுகிறதா? பாதி ஓடுகிறது. எங்கள் வேலையில் துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, வாராவாரம் ஆடிட் இருக்கிறது. வழக்கமாக 97 வாங்குகிறவள் முதல் இரண்டு வாரம் 93-க்கு இறங்கிவிட்டேன். தப்பு எங்கே என்று பார்த்தால், நோயைப் புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. கை போய் விழுந்த இடம்தான் தப்பு. வலது முழங்கால் தேய்மானத்துக்கு எம்17.11, இடது முழங்காலுக்கு எம்17.12. நடக்கிறபோது விரல் ஒரு எண் தள்ளி விழுகிறது. என் முழங்காலைக் காப்பாற்றப் போய் யாரோ ஒரு அமெரிக்கத் தாத்தாவின் முழங்காலை மாற்றிவிட்டேன்.

அதிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டேன். எக்ஸ்ரே, ஸ்கேன் மாதிரிச் சின்னக் குறிப்புகள் 2 கி.மீ. வேகத்தில். மெயில் அடிப்பது 1.5-ல். காதால் கேட்டால் போதும் என்கிற மீட்டிங், டிரெயினிங் வீடியோ எல்லாம் 2.5 வரை. ஆபரேஷன் கேஸ் வந்தால் இறங்கி நாற்காலிக்குப் போய்விடுவேன். மவுஸை நுணுக்கமாகப் பிடிக்கிற வேலை, எக்ஸெல்லில் ஓரத்தைப் பிடித்து இழுப்பது மாதிரியானவை, எந்த வேகத்திலும் சரிப்படவில்லை. 3-க்கு மேல் போனால் வேலையும் இல்லை, நடையும் இல்லை. இந்த உபயோகத்துக்கு 6 கி.மீ. மெஷினும் 4 கி.மீ. மெஷினும் ஒன்றுதான்.

சத்தம். எனக்குக் கேட்கிற மோட்டார் சத்தம் மின்விசிறி சத்தத்தோடு கலந்துவிடும். தரை வழியாக இறங்குகிற அதிர்வு வேறு கதை. நாலாவது நாள் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, "ஏம்மா, டெய்லி மூணு மணி நேரம் கிரைண்டர் ஓடுதே, மாவு விக்கிறியா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார். டைல்ஸ் மேல் நேரடியாகப் போட்டிருந்தேன். பெரிய கடை வீதிப் பக்கம் ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. கருப்பு ரப்பர் ஷீட் வெட்டி வாங்கி அடியில் போட்டதும் பாதி குறைந்தது. மீதிப் பாதி என் குதிகால். குதிகாலைத் தொம்மென்று வைக்காமல் அடியைச் சின்னதாக எடுத்து வைக்கப் பழகிக்கொண்டேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் அக்கா தூங்குகிற நேரம், அப்போது ஓட்டுவதில்லை.

அந்த ரப்பர் ஷீட்டால் இன்னொன்றும் தெரிந்தது. பெல்ட் அடிக்கடி இடது பக்கம் ஒதுங்கி, ஓரத்தில் உரசி, கருப்பாகத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்தேன். பார்த்தால் எங்கள் அறைத் தரைக்கே வாட்டம். கழுவிவிட்டால் தண்ணீர் பால்கனிக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் வைத்த சரிவு. ஒரு பக்கம் மட்டும் இன்னொரு துண்டு ரப்பரைக் கொடுத்து மட்டம் பார்த்தபின் ஒதுங்குவது நின்றது. அப்படியும் ஒதுங்கினால், பின்பக்க ஓட்டையில் எல் கீயை விட்டு, பெல்ட் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். ஒரு நிமிஷம் ஆள் ஏறாமல் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு முழுச்சுற்று திருப்பினால் பெல்ட் எதிர்ப்பக்கம் ஓடிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சிலிக்கான் எண்ணெய் போட வேண்டும். நான் சுமார் 40 மணி நேர நடைக்கு ஒரு தடவை போடுகிறேன். போடாவிட்டால் கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் பெல்ட் ஒரு கணம் தயங்கும், மோட்டார் மூடி சூடாகும். கையை உள்ளே விட்டுத் தடவினால் வறட்டென்று இருக்கும். என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார், தடுத்துவிட்டேன். தையல் மெஷின் எண்ணெயும் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் எதுவும் பெல்ட்டைக் கெடுத்துவிடும். வருஷம் முடிந்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் மூடியைத் திறந்தோம். உள்ளே ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு என் தலைமுடிச் சுருள், தூசி, நடுவே காய்ந்து சருகான மல்லிகைப் பூ நாலு நாரோடு.

கரண்டும் ஒரு பாடம் சொல்லித்தந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒன்பது மணிக்கு மின்தடை என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தும் மறந்து நடந்துகொண்டிருந்தேன். பெல்ட் சட்டென்று நின்றது, உடம்பு முன்னால் போனது, மேசையைப் பிடித்ததால் தப்பித்தேன், கையிலிருந்த காபி கீபோர்டுக்குள் போனது. இன்வெர்ட்டர் லைனில் மாட்டுவதும் சரியில்லை, சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த மோட்டாருக்கு ஆகாது. எட்டாவது மாதம் வோல்டேஜ் ஏறி இறங்கிய ஒரு ராத்திரிக்குப் பிறகு கண்ட்ரோலர் போர்டு போய்விட்டது. வாரண்டி இருந்தது. ஆனால் வீடியோ எடுத்து அனுப்புங்கள், பில் அனுப்புங்கள், மறுபடி வீடியோ அனுப்புங்கள் என்று 19 நாள் ஓடியது. திருச்சிக்கு ஆள் இல்லை, மதுரையிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். உங்கள் ஊருக்கு சர்வீஸ் ஆள் வருவாரா என்று வாங்குவதற்கு முன்னால் ஃபோன் போட்டுக் கேளுங்கள். ரிமோட் இல்லாமல் மெஷினிலேயே பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் ரிமோட் சோபா இடுக்கில் விழுந்து ஒரு வாரம் மெஷின் சும்மா கிடந்தது. கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம், இரண்டு மாதத்துக்கு 20 யூனிட் போலத்தான் கூடுகிறது. ஆனால் ஏற்கெனவே 480-ல் நிற்கிற வீடு என்றால் யோசியுங்கள். 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

வெறுங்காலோடு நடந்தேன், பத்தாம் நாள் குதிகால் எரிந்தது. ஷூ போட்டால் மாமியார், "வீட்டுக்குள்ள செருப்பா?" என்றார். வாசலைத் தாண்டாத தனி ஷூ ஒன்று வாங்கி, டப்பாவிலிருந்து அவர் முன்னாலேயே எடுத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார். நைட்டியோடு ஏறாதீர்கள், விளிம்பு மிதிபட்டு ஒருமுறை விழப் பார்த்தேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இறங்கிய கையோடு ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பின்பக்க உருளை இடுக்கில் பிஞ்சு விரல் போகும்.

எடை குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 14 மாதத்தில் இரண்டரை கிலோ. அமெரிக்காவில் உள்ள மேயோ கிளினிக் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஜேம்ஸ் லெவின் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள 15 பேர் உட்கார்ந்து வேலை பார்க்கையில் மணிக்கு 72 கலோரியும், மணிக்கு 1.8 கி.மீ. போல நடந்துகொண்டே பார்க்கையில் 191 கலோரியும் செலவழித்தார்கள். வித்தியாசம் 119. என்னுடைய ஒன்றே முக்கால் மணி நேர நடைக்கு அதிகம் போனால் 200 கலோரி. ரெண்டு மெதுவடையில் அது திரும்பி வந்துவிடும். சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனால் ராத்திரிச் சோற்றையும் குறைத்தேன், அதனால் பெருமையை மெஷினுக்குத் தர மாட்டேன். மெஷினால்தான் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது இரண்டு. சாயங்காலம் கால் வீங்குவது நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற அந்தத் தூக்கம் வருவதில்லை. தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியாச்சு, திருச்சியிலிருந்து சென்னைக்கு மூன்று தடவை நடந்த கணக்கு. இதில் பாதியை என் வாட்ச் எண்ணவே இல்லை. கை கீபோர்டில் ஆடாமல் இருப்பதால் அதற்கு நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றே நினைப்பு. இப்போது அதைக் கழற்றிக் கொலுசுக்கு மேலே கட்டிக்கொள்கிறேன்.

இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் புதுசு வாங்க மாட்டேன். மூன்று மாதம் கட்டிலுக்கடியில் தூங்கிய மெஷின்கள் பாதி விலைக்கு வருகின்றன, காரணம் மேலே சொன்னதுதான். போய்ப் பார்க்கும்போது ஷூ எடுத்துக்கொண்டு போங்கள். வேகமாக ஓட்டிக் காட்டுவார்கள், அதில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் 1 கி.மீ. வேகத்தில் வைத்து ஏறி நில்லுங்கள். மெதுவான வேகத்தில் ஆளைச் சுமப்பதுதான் மோட்டாருக்குக் கஷ்டம், திக்கினால் அங்கேதான் திக்கும். விற்பவர் வீட்டு ஹாலில், அவர்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்தாலும், பத்து நிமிஷம் நடந்துவிட்டே இறங்குங்கள்.